கணக்கு மாஸ்டர் பதில்கள்: நாண் மூன்றானால் கோணமும் மூன்றாகுமா?

கவராயம் பற்றி வந்த கடிதங்களை மட்டும் இந்த முறை எடுத்திருக்கிறேன். மற்றவை அடுத்த இதழில்.

என் மகன் பத்தாம் ஆண்டில் படிக்கிறான். 60 பாகைக் கோணத்தைக் கவராயத்தால் அமைக்கச் சொன்னார்களாம். சரியாக வரைந்துவிட்டு, படம் சுத்தமாக இருக்கட்டும் என்று வில் எல்லாவற்றையும் அழித்துவிட்டான். புள்ளியைக் குறைத்துவிட்டார்கள். பெட்டிக்குள் பாகைமானி இருக்கும்போது இந்தப் பாடு எதற்கு?
(ஒரு தாய், வெள்ளவத்தை)

புள்ளி குறைத்தது நியாயம்தான் அம்மா. ஏன் என்று மகனுக்கு விளங்கிவிட்டால் இனிமேல் அழிக்கமாட்டான்.

பாகைமானியால் வரைவது அளந்து வரைவது. அளவென்றால் கொஞ்சம் முன்பின் இருக்கத்தான் செய்யும். கவராயத்தால் 60 பாகை எப்படி வருகிறது என்று பாருங்கள். கோட்டில் ‘க’ என்ற புள்ளியில் முனையைக் குத்தி ஒரு வில் போடுகிறான். அது கோட்டை ‘ச’வில் வெட்டுகிறது. திறப்பை மாற்றாமல் ‘ச’வில் குத்தி இன்னொரு வில். இரண்டு வில்லும் ‘ட’வில் சந்திக்கின்றன. கச, கட, சட மூன்றும் ஒரே திறப்பில் வந்த நீளங்கள். ஆகவே அது சமபக்க முக்கோணி, கோணம் 60 பாகை. எந்த இடத்திலும் பாகையை அளக்கவில்லை, ஆனாலும் சந்தேகத்துக்கு இடமில்லை. ஏறத்தாழ கி.மு. 300இல் யூக்ளிட் எழுதிய ‘மூலகங்கள்’ நூலில் முதலாம் புத்தகத்தின் முதலாவது எடுப்பே, அதாவது அமைத்து நிறுவிக் காட்டும் முதல் விடயமே, இந்த முக்கோணிதான். அந்த இரண்டு வில்லும்தான் நிறுவல். அவற்றை அழித்தால் கோணம் எப்படி வந்தது என்று திருத்துபவருக்கு எப்படித் தெரியும்?

இன்னொன்று. கவராயத்தின் திருகாணியைப் பாருங்கள். புறக்கோட்டையில் மலிவாக வாங்கும் பெட்டிகளில் அது சீக்கிரம் தளர்ந்துவிடும். 5 சென்ரிமீற்றர் திறப்பு இரண்டாவது வில்லுக்குள் 1 மில்லிமீற்றர் கூடினாலே 60 பாகை 61ஐத் தாண்டிவிடும். பென்சிலையும் கூராகச் சீவிக் கொடுங்கள்.

நான் தச்சு வேலை செய்பவன். வாசலுக்கு மேல் விசிறி போல வைக்கும் சட்டங்களுக்குக் கோணத்தை மூன்றாகப் பிரிப்பேன். இரண்டு பக்கமும் ஒரே அளவு எடுத்து, நுனிகளைக் கோட்டால் சேர்த்து, அந்தக் கோட்டை மூன்று சம பங்காக்கி உச்சியோடு சேர்த்துவிடுவேன். கோணத்தை மூன்றாகப் பிரிக்க உலகத்திலேயே முடியாது என்கிறாள் மகள். நான் தினமும் செய்கிறேனே?
(ஒரு தச்சர், கொட்டாஞ்சேனை)

ஐயா, எனக்கு மிகவும் பிடித்த கேள்வி இது. கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

முதலில் உங்கள் முறை. நீங்கள் சேர்க்கும் கோட்டை நாண் என்போம். நாணின் நடுப்பங்கு உச்சிக்குக் கிட்ட இருக்கிறது, ஓரப் பங்குகள் தள்ளி, சாய்வாக இருக்கின்றன. அதனால் நடுக்கோணம் எப்போதும் பெரிதாகத்தான் வரும். 30 பாகையை இப்படிப் பிரித்தால் 9.9, 10.2, 9.9. மரத்தில் இது கண்ணுக்குத் தெரியாது. 60 பாகையில் 19.1, 21.8, 19.1. கூர்ந்து பார்ப்பவருக்குத் தெரியும். 90 பாகையிலோ 26.6, 36.9, 26.6. அங்கே நடுச்சட்டங்கள் அகன்று நிற்பதை வீட்டுக்காரரே கேட்டுவிடுவார். நீங்கள் செய்யும் விசிறிகள் ஒடுக்கமானவை என்று நினைக்கிறேன், அதனால்தான் இதுவரை தொந்தரவு வரவில்லை.

மகள் சொல்வதிலும் ஒரு சொல் விடுபட்டிருக்கிறது. ‘அளவு குறிக்காத நேர்விளிம்பும் கவராயமும் மாத்திரம் கொண்டு, எல்லாக் கோணங்களையுமே’ பிரித்துவிட முடியாது என்பதே சரி. சில கோணங்களைப் பிரிக்கலாம். 90 பாகையை எடுத்தால், மேலே சொன்ன 60 பாகையைப் போட்டு அதை இருகூறாக்கினால் 30 வந்துவிடும். ஆனால் அந்த 60ஐ மூன்றாக்க வழியில்லை.

‘இன்னும் யாரும் கண்டுபிடிக்கவில்லை’ என்பது வேறு, ‘முடியாது’ என்பது வேறு. இது இரண்டாவது வகை. கோடும் கோடும், கோடும் வட்டமும், வட்டமும் வட்டமும் வெட்டும் புள்ளிகளைக் கணக்காக எழுதினால் வர்க்கமூலத்துக்கு மேல் எதுவும் வராது. எத்தனை வில் போட்டாலும் வர்க்கமூலத்துக்குள் வர்க்கமூலம், அவ்வளவுதான். 20 பாகையை அமைக்க அதன் கோசைன் என்ற பக்க விகிதம் வேண்டும். அதை ‘ப’ என்று வைத்தால் 8ப³ − 6ப − 1 = 0 என்ற முப்படிச் சமன்பாடு வருகிறது. வர்க்கமூலங்களை எவ்வளவு அடுக்கினாலும் அதன் தீர்வைத் தொட முடியாது. 1837இல் பிரான்சில் பியர் வான்ட்ஸெல் என்ற கணிதர் இதை நிறுவினார். கிரேக்கர் காலத்திலிருந்து தேடிய ஒரு வழி இல்லவே இல்லை என்று ஒருவர் காட்டுகிறார். கணிதத்தில் இதைவிடப் பெரிய சாதனைகள் அதிகம் இல்லை என்பது என் எண்ணம்.

உங்கள் பட்டறைக்கு அந்த நிபந்தனை தேவையில்லை. ஆர்க்கிமிடீஸ் பெயரில் வரும் முறையைச் செய்து பாருங்கள். கோணத்தின் உச்சியை நடுவாக வைத்து ஒரு வட்டம் போடுங்கள். அது கோணத்தின் இரண்டு பக்கங்களையும் வெட்டும். கீழ்ப்பக்கக் கோட்டை உச்சிக்குப் பின்னால், வட்டத்துக்கு வெளியே நீட்டுங்கள். ஒரு நேரான சட்டத்தில், வட்டத்தின் ஆரை எவ்வளவோ அவ்வளவு இடைவெளி விட்டு இரண்டு பென்சில் அடையாளம் இடுங்கள். மேல்பக்கம் வட்டத்தை வெட்டும் புள்ளியைச் சட்டம் தொட்டபடியே இருக்கட்டும். ஒரு அடையாளம் நீட்டிய கோட்டிலும், மற்றது அதே பக்கத்தில் வட்டத்தின் மேலும் விழும்வரை நகர்த்துங்கள். அப்போது சட்டத்துக்கும் நீட்டிய கோட்டுக்கும் இடையில் இருப்பது உங்கள் கோணத்தில் மூன்றில் ஒரு பங்கு, துல்லியமாக. ஏன் என்பதை மகளிடம் கேளுங்கள். இரண்டு இருசமபக்க முக்கோணிகளையும் புறக்கோணத்தையும் வைத்து அவளே நிறுவிவிடலாம். யூக்ளிட்டின் நேர்விளிம்பில் அடையாளம் இடக்கூடாது, அது ஒன்றுதான் வித்தியாசம்.

வட்டத்துக்குச் சமமான பரப்புள்ள சதுரத்தை வரைந்துவிட்டதாக எங்கள் உறவினர் ஒருவர் சொல்கிறார். பையின் (π) பெறுமானத்தை 22/7 என்று எடுத்தாராம்.
(ஒரு வாசகர், தெகிவளை)

22/7 அண்ணளவுதான், ஆகவே சதுரமும் அண்ணளவுதான். கவராயத்தாலும் நேர்விளிம்பாலும் துல்லியமாக வரைய முடியாது என்பது 1882இல் ஜேர்மன் கணிதர் லிண்டமன் பை பற்றி நிறுவிய தேற்றத்திலிருந்து வருகிறது. ஆனால் அண்ணளவாக வரைவதிலும் மேதைமைக்கு இடம் உண்டு. 1913இல் எங்கள் ராமானுஜன் பைக்கு 355/113ஐ வைத்து ஓர் அமைப்பு கொடுத்தார். 140,000 சதுர மைல் பரப்புள்ள வட்டத்துக்கு, அதாவது இலங்கையைப் போல் ஐந்து மடங்குக்கும் கூடிய வட்டத்துக்கு, சதுரத்தின் பக்கத்தில் வரும் பிழை ஏறக்குறைய ஓர் அங்குலம். உறவினருக்கு அந்த அமைப்பைக் காட்டுங்கள், ரசிப்பார்.

சேர், ஒழுங்கான அறுகோணி சுலபம். ஐங்கோணி வரைய வழி இருக்கிறதா? எழுகோணி ஏன் எந்தப் பயிற்சியிலும் இல்லை?
(மாணவி, பம்பலப்பிட்டி)

எழுகோணியை இந்த இரண்டு கருவியாலும் அமைக்க முடியாது மகள், அதனால்தான் இல்லை. ஒன்பது பக்கமும் முடியாது. அதற்கு 40 பாகை வேண்டும், அதை இருகூறாக்கினால் தச்சருக்குச் சொன்ன அந்த 20 பாகை. ஆனால் 17 பக்கம் முடியும்! 1796இல் ஜேர்மன் கணிதர் கௌஸ் இதைக் கண்டபோது அவருக்கு வயது 18.

ஐங்கோணிக்கு வழி இதோ. ‘ம’வை மையமாகக் கொண்டு வட்டம் போடுங்கள். ஒன்றுக்கொன்று செங்குத்தாக இரண்டு விட்டங்கள், கிடையாகக் கச, நிலையாகத் தப. மசவின் நடுப்புள்ளி ‘ந’. ‘ந’வில் குத்தி ‘த’வரை திறந்து ஒரு வில் போட்டால் அது மகவை ‘ர’வில் வெட்டும். தர என்பதுதான் ஐங்கோணியின் பக்கம். அந்தத் திறப்போடு ‘த’வில் தொடங்கி வட்டத்தைச் சுற்றி வெட்டிக்கொண்டு போங்கள். ஐந்தாவது வில் ‘த’விலேயே வந்து விழ வேண்டும். விழாவிட்டால் முதலில் ‘ந’ சரியான நடுவில் இருக்கிறதா என்று பாருங்கள், பெரும்பாலும் பிழை அங்கேதான் இருக்கும்.