எட்டு மணிக்கே பூங்காவுக்குப் பூட்டு: சாவி யார் கையில்?

கேள்வி: பாளையங்கோட்டையில் எங்கள் தெருமுனைப் பூங்காவை நலச்சங்கத்துக்காரர்கள் ராத்திரி எட்டு மணிக்கே பூட்டிவிடுகிறார்கள். வேலை முடிந்து நான் வீடு வரவே ஒன்பதாகிவிடும். சுவர் ஏறி உள்ளே போய் நடந்தால் வழக்கு வருமா? பூட்டுவதற்குச் சங்கத்துக்கு அதிகாரம் உண்டா?

பதில்: முதலில் சுவரை மறந்துவிடுங்கள். ஏறிக் குதித்ததாலேயே அது குற்றமாகிவிடாது. இந்திய தண்டனைச் சட்டத்துக்குப் பதிலாக வந்த பாரதிய நியாய சன்ஹிதாவின் 329-வது பிரிவின்படி, குற்றம் செய்யவோ, பிறரை மிரட்டவோ, அவமதிக்கவோ, தொல்லைப்படுத்தவோ நோக்கம் இருந்தால்தான் குற்ற அத்துமீறல். தண்டனை மூன்று மாதம் வரை சிறை, அல்லது 5,000 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். நடக்கப்போன உங்களுக்கு அந்த நோக்கம் கிடையாதுதான். ஆனால் ரோந்து வரும் போலீசிடம் அதை விளக்கிக்கொண்டு நிற்கப்போவது நீங்கள். விளக்கணைத்த புல்தரையில் கட்டுவிரியனும் ராத்திரியில்தான் இரை தேடும்.

தமிழ்நாடு முழுக்க எல்லாப் பூங்காவுக்கும் பொதுவான ஒரே நேரம் என்று எதுவும் இல்லை. 1959-ம் ஆண்டின் பூங்காக்கள், விளையாட்டுத் திடல்கள், திறந்தவெளிகள் சட்டம் அந்த இடங்கள் கைமாறிப் போகாமல் காக்க வந்தது. கேட்டை எப்போது திறப்பது, எப்போது பூட்டுவது என்பதை இடத்துக்குச் சொந்தமான உள்ளாட்சிதான் முடிவு செய்யும்.

ஆகவே, இடம் யாருடையது என்று பாருங்கள். 3,000 சதுர மீட்டருக்கு மேற்பட்ட மனைப்பிரிவில் சாலை போக மீதியில் 10 சதவீதம் பொது இடத்துக்கு ஒதுக்கவேண்டும். அது பெரும்பாலும் தானப்பத்திரமாக உள்ளாட்சிக்குப் போயிருக்கும். அப்படிப் போன இடத்தில் சங்கம் பராமரிப்பாளர் மட்டுமே. எழுத்துப்பூர்வ அனுமதி இல்லாமல் தன்னிஷ்டத்துக்கு நேரம் வைப்பதோ, சந்தா கட்டாதவரை வெளியே நிறுத்துவதோ செல்லாது. தானப்பத்திரமே எழுதாமல் மனை விற்றவர் பெயரிலேயே இடம் கிடந்தால், முதல் வேலை அதைச் சரிசெய்வதுதான்.

மாநகராட்சிப் பொதுத் தகவல் அலுவலருக்கு, 10 ரூபாய் கோர்ட் ஃபீ ஸ்டாம்ப் ஒட்டி, தகவல் உரிமைச் சட்டத்தில் மனுப் போடுங்கள். வார்டு எண், சர்வே எண் குறிப்பிட்டு மூன்றே கேள்வி: தானப்பத்திர நகல், நேரம் நிர்ணயித்த உத்தரவின் நகல், பராமரிப்பை யாரிடம் எந்த நிபந்தனையில் ஒப்படைத்தார்கள் என்பதற்கான ஆவணம். “ஏன் பூட்டுகிறார்கள்?” என்று கேட்காதீர்கள். ஆவணம் கேட்டால் நகல் வரும். காரணம் கேட்டால் மழுப்பல்தான் வரும். கெடு 30 நாள். அதற்குள் வராவிட்டால் முதல் மேல்முறையீடு.

நகல் வந்ததும் ஆணையருக்கு மனு எழுதுங்கள். திங்கட்கிழமை கொக்கிரகுளம் கலெக்டர் ஆபீஸ் குறைதீர்க்கும் நாளிலும் கொடுக்கலாம். “ராத்திரி முழுக்கத் திறந்து வையுங்கள்” என்று கேட்டால் மனு நிற்காது. சங்கத்துக்காரர்கள் பூட்டுவதும் பெரும்பாலும் பாட்டிலுக்கும் சத்தத்துக்கும் பயந்துதான். பத்து மணி வரை, நடைபாதை விளக்கு எரிய, ஒரே ஒரு கேட் மட்டும் என்று கேளுங்கள். கடைசியில் யார் பூட்டுவார் என்பதையும் எழுதுங்கள்; பல மனுக்கள் இந்த இடத்தில்தான் கவிழ்கின்றன.

அதற்கு இரண்டு பூட்டு போதும். சங்கிலியின் ஒரு முனையில் மாநகராட்சிப் பூட்டு, மறுமுனையில் சங்கத்தின் பூட்டு, இரண்டின் வளையமும் ஒன்றோடொன்று கோத்திருக்கவேண்டும். எந்தச் சாவி போட்டாலும் கேட் திறக்கும். அவசரத்தில் ஒருவர் அடுத்தவர் பூட்டை விட்டுவிட்டுத் தன் பூட்டைச் சங்கிலியின் இரு முனையிலும் நேராக மாட்டிவிட்டால், காலையில் தண்ணீர் பாய்ச்ச வருகிறவர் வெளியேதான் நிற்பார்.