நாற்றத்தைத் தின்னும் நார்ப்படுகை: கேள்வி பதில்

ஆலைப் புகையை நுண்ணுயிர்களால் சுத்தம் செய்யும் வேலையில் பல வருடங்கள் இருந்தவன் என்பதால், வந்த கேள்விகளுக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன்.

கடலூர் சிப்காட் தொழிற்பேட்டை பக்கம் குடிகாட்டில் இருக்கிறோம். ராத்திரியில் அழுகின முட்டை நாற்றம். இதைப் போய் பாக்டீரியா தின்னுமா?

தின்னும் அம்மா. அது ஹைட்ரஜன் சல்பைடு. தேங்காய் நார், மரச்சில்லு, மக்கின உரம் கலந்து ஒரு மீட்டர், ஒன்றரை மீட்டர் உயரத்துக்கு நிரப்பிய தொட்டிதான் பயோஃபில்டர். அடியிலிருந்து வாயுவை ஊதினால், அது அரை நிமிடம், ஒரு நிமிடம் உள்ளே தங்கும். நார்மேல் இருக்கும் ஈரத்தில் வாழும் பாக்டீரியா அதைக் கந்தக அமிலமாக மாற்றிவிடும்.

ஆனால் மூக்கை நம்பாதீர்கள். 100 பிபிஎம் (பத்து லட்சம் பங்கு காற்றில் நூறு பங்கு) அளவுக்குப் போனால் மூக்கு மரத்துவிடும். கடுமையாக அடித்த நாற்றம் சட்டென்று நின்றால் ஆபத்து போய்விட்டது என்று அர்த்தமில்லை. குழந்தைகளோடு காற்றுக்குக் குறுக்காக விலகிப் போங்கள்.

கடலூர் முதுநகர் பக்கம் மீன்தூள் ஆலையில் சூப்பர்வைசர். பயோஃபில்டர் ஆறு மாதம் நன்றாக ஓடியது, இப்போது நாற்றம் அப்படியே வெளியே வருகிறது.

அண்ணே, முதலில் படுகையில் ஒரு சாண் ஆழம் கைவிட்டு ஒரு பிடி நார் எடுத்துப் பிழியுங்கள். விரலிடுக்கில் ஓரிரு சொட்டு கசிந்தால் சரி. ஒழுகினால் ஈரம் அதிகம், உதிர்ந்தால் காய்ந்துவிட்டது. 40 முதல் 60 சதவீதம் ஈரம் வேண்டும். என் அனுபவத்தில் பாதிக்கு மேல் கோளாறு படுகை காய்ந்துபோவதால்தான். அக்னி நட்சத்திரத்தில் சொல்லவே வேண்டாம். காய்ந்த படுகையில் வெடிப்பு விழும், வாயு அந்த வெடிப்பு வழியாகவே ஓடிவிடும். மேலே தண்ணீர் தெளித்தால் மட்டும் போதாது, உள்ளே வரும் காற்றையே நனைத்து அனுப்புங்கள். உலர்த்தியிலிருந்து வரும் காற்றின் சூடு 40 டிகிரிக்குக் கீழே இறங்கின பிறகு உள்ளே விடுங்கள், தூசியையும் முன்னாடியே பிடித்துவிடுங்கள்.

அப்புறம் புளிப்பு. பிஎச் (புளிப்பைக் காட்டும் எண், குறைந்தால் புளிப்பு அதிகம்) இறங்கியிருந்தால் கிளிஞ்சலை நொறுக்கிக் கலந்து பாருங்கள். நம் கடற்கரையில் அதற்கா பஞ்சம்!

புதுச்சேரி, பொறியியல் மாணவன். எல்லா வாயுவுக்கும் இது சரிவருமா?

இல்லை தம்பி. ஆல்கஹால், பெயின்ட் கரைப்பானான டொலுயீன் சரிவரும். குளோரின் அதிகமுள்ள கரைப்பான்கள் பெரும்பாலும் மசியாது. ஹைட்ரஜன் சல்பைடு மிக அதிகமென்றால், நாருக்குப் பதில் பிளாஸ்டிக் துண்டுகள்மேல் தண்ணீர் சுற்றும் பயோட்ரிக்ளிங் ஃபில்டர் நல்லது. அமிலம் தண்ணீரோடு போய்விடும். மண்படுகையில் நாற்றம் போக்கும் முறைக்கு அமெரிக்காவில் 1957-லேயே ரிச்சர்ட் பொமராய் காப்புரிமை வாங்கினார். தேடிப் படி.

கரண்ட் இல்லாமல் இரண்டு நாள் நின்றால் பாக்டீரியா செத்துவிடுமா?

சாகாது. ஈரம் மட்டும் காயவிடாதீர்கள். மறுபடி ஓட்டும்போது முதல் சில மணி நேரம் வாயுவைக் குறைவாக விடுங்கள்.