அப்பாவுக்கு நானே ரத்தம் கொடுக்கலாமா?

கேள்வி: டாக்டர், அப்பாவுக்கு 67 வயது. மூன்று வாரத்தில் பைபாஸ் ஆபரேஷன். ஹீமோகுளோபின் 10.4தான் இருக்கிறது, ரத்தம் ஏற்ற வேண்டி வரலாம் என்கிறார்கள். யார் யாரோ கொடுத்த ரத்தத்தில் எச்.ஐ.வி., மஞ்சள் காமாலை ஒட்டிக்கொள்ளுமோ என்று அம்மா பயப்படுகிறார். நானே கொடுத்துவிடட்டுமா? ஏற்றாமல் சமாளிக்க முடியாதா?

பதில்: அம்மாவின் பயம் ஒரு காலத்தில் நியாயமான பயம்தான். இப்போது எச்.ஐ.வி., மஞ்சள் காமாலை தரும் ஹெபடைடிஸ் பி, சி எல்லாவற்றுக்கும் பரிசோதித்த பிறகே ரத்தம் ஏற்றுகிறார்கள். ஆபத்து அறவே இல்லை என்று சொல்லமாட்டேன், மிகக் குறைவு.

எனக்குக் கவலை வேறு. ஏற்கெனவே களைத்துப்போன இதயத்துக்குள் ரத்தத்தை வேகமாக ஏற்றினால், அதால் தள்ள முடியாமல் நுரையீரலில் நீர் கோத்துக்கொள்ளும், மூச்சு முட்டும். தானம் கொடுத்தவரின் ரத்தத்தில் உள்ள எதிர்ப்பொருள்களால் நுரையீரல் பாதிக்கப்படுவதும் உண்டு. அபூர்வம், ஆனால் ஆறு மணி நேரத்துக்குள் ஆளைக் கவிழ்த்துவிடும். அப்புறம், பை மாறிப்போவது. படுக்கை அருகில் இரண்டு நர்ஸுகள் பெயர், எண், ரத்த வகை என்று வாசித்துச் சரிபார்ப்பார்களே, அந்த நேரத்தில் அவர்களிடம் பேச்சுக் கொடுக்காதீர்கள். முதல் 15 நிமிடத்தில் குளிர் நடுக்கம், முதுகுவலி, மூச்சிரைப்பு என்று அப்பா சொன்னால் உடனே கூப்பிடுங்கள்.

நீங்கள் கொடுக்கலாமா? பாசம் புரிகிறது, ஆனால் வேண்டாம். மகனோ மகளோ கொடுக்கும் ரத்தத்திலுள்ள வெள்ளணுக்களை அப்பாவின் உடல் அந்நியம் என்று கண்டுகொள்ளாமல் விட்டுவிட வாய்ப்பு அதிகம்; உள்ளே தங்கிய அந்த அணுக்கள் அவர் உடலையே தாக்க ஆரம்பித்தால் பெரும்பாலும் உயிர் தப்பாது. எப்போதோ நடப்பதுதான், என்றாலும் நெருங்கிய உறவினர் ரத்தத்தை, அந்த வெள்ளணுக்களை முடக்கும் கதிர்வீச்சு கொடுக்காமல் ஏற்றக்கூடாது என்பது இதனால்தான். உங்கள் ரத்தத்தை வேறு யாருக்காவது போகட்டும் என்று கொடுங்கள்.

எப்போது ஏற்றுவது என்பதில் பல வருடச் சண்டை உண்டு. 2017இல் வெளியான டிரிக்ஸ் 3 ஆய்வில், இதய ஆபரேஷன் செய்த சுமார் 5000 பேரில் ஒரு பாதிக்கு ஹீமோகுளோபின் 7.5க்குக் கீழே போனால் மட்டும் ஏற்றினார்கள், மறுபாதிக்கு 9.5க்குக் கீழே வந்தாலே தாராளமாக ஏற்றினார்கள். மரணம், பக்கவாதம், மாரடைப்பு, சிறுநீரகச் செயலிழப்பு எதிலும் முதல் பாதி பின்தங்கவில்லை. அதற்காக ஏற்றவே கூடாது என்று அடம்பிடிக்காதீர்கள். ரத்தப்போக்கு நிற்காதபோது அந்தப் பைதான் உயிர்.

ஏற்றும் அளவைக் குறைக்க வழி இருக்கிறது, அது ஆபரேஷனுக்கு முன்னால் இருக்கிறது. ஆபரேஷனின்போது இதயம், நுரையீரல் வேலையைத் தான் செய்யும் இதய-நுரையீரல் இயந்திரத்தின் குழாய்களை முதலில் ஒரு லிட்டருக்கும் மேல் திரவத்தால் நிரப்புவார்கள். அது ரத்தத்தோடு கலந்ததும் 10.4 மளமளவென்று இறங்கும். இப்போதே இரும்புச்சத்து அளவைப் பாருங்கள். குறைவாக இருந்தால், மூன்று வாரத்தில் மாத்திரையைவிட நரம்பு வழி ஊசி சீக்கிரம் உதவும். ரத்தம் உறையாமலிருக்கத் தரும் குளோபிடோகிரெல் மாத்திரை சாப்பிடுகிறார் என்றால் வழக்கமாக 5 நாள் முன்பே நிறுத்துவார்கள், ஆனால் அதை சர்ஜன் சொல்லட்டும், நீங்களாக நிறுத்தாதீர்கள்.

இன்னொன்று. 67 வயது ஆணுக்கு 10.4 ஏன் வந்தது? ஆஸ்பிரினால் வயிற்றில் ரத்தம் கசியலாம். மலம் கறுப்பாகப் போகிறதா என்று அவரிடம் நேராகக் கேளுங்கள், கேட்காமல் சொல்லமாட்டார்.