செங்குன்றமா, மீஞ்சூரா: குடோனுக்கு ஆள் எங்கே கிடைக்கும்?

சென்னைக்கு வடக்கே செங்குன்றத்தில் குடோன் போடலாமா, மீஞ்சூரிலா, ஆள் கிடைப்பதை மேப்பில் பார்க்க முடியுமா என்று கேட்டிருக்கிறீர்கள். தாராளமாக முடியும். ஆனால் 10 கிலோமீட்டர் வட்டம் போட்டுத் தலைகளை எண்ணாதீர்கள். மீஞ்சூர் வட்டத்தில் எண்ணூர் பக்கம் ஒரு பகுதி கழிமுகத்தில் விழும், கொசஸ்தலை ஆறும் குறுக்கே நிற்கும். 45 நிமிடத்தில் வந்து சேரக்கூடிய பரப்பை கியூஜிஐஎஸ் என்ற இலவச மேப் மென்பொருளில் வரையுங்கள். அதன்மேல் 2011 சென்சஸின் வார்டுவாரித் தொழிலாளர் எண்ணிக்கையை வையுங்கள். பழைய கணக்கு என்பதால், புதுக் குடியிருப்புகளைச் செயற்கைக்கோள் படத்தில் பார்த்துக்கொள்ளுங்கள்.

மீஞ்சூருக்கு கும்மிடிப்பூண்டி மின்சார ரயில் இருக்கிறது. கொருக்குப்பேட்டை, தண்டையார்பேட்டை, திருவொற்றியூர் ஆட்கள் வண்டி மாறாமல் வந்துவிடுவார்கள். செங்குன்றத்துக்கு பஸ்ஸும் பைக்கும்தான். லாரிக்கு ஜிஎன்டி சாலை (சென்னை–கொல்கத்தா நெடுஞ்சாலை) வசதி.

நான் ரொம்ப முக்கியமாக நினைப்பது ஷிப்ட் முடியும் நேரம். முடிவெடுக்கும் முன் இரவு 10 மணிக்கு குடோன் கேட்டிலிருந்து ஸ்டேஷன் அல்லது பஸ் ஸ்டாப்வரை நீங்களே நடந்து பாருங்கள். தெருவிளக்கில்லாத ஒன்றரை கிலோமீட்டர், தோளை உரசுகிற மாதிரி போகும் கண்டெய்னர் லாரி என்றிருந்தால், பேக்கிங் வேலைக்கு வரும் பெண்கள் ஒரு வாரம்கூடத் தங்கமாட்டார்கள். அந்தத் துண்டுக்கு வேன் செலவைச் சேர்த்த பிறகு இரண்டு இடத்து வாடகையையும் ஒப்பிடுங்கள்.