கீரிப்பிள்ளையும் வேட்டை நாயும்: வாசகர் கேள்வி – பதில்

சென்ற இதழில் ஒரு விடைக்கு நடுவே, பிள்ளையைக் காத்த கீரியை அவசரப்பட்டுக் கொன்ற பார்ப்பனியின் கதையைப் போகிற போக்கில் குறிப்பிட்டிருந்தேன். மதுரையிலிருந்தும் சுற்றுவட்டாரத்திலிருந்தும் வந்த கடிதங்களில் பெரும்பாலானவை அதைப் பற்றியே இருந்ததால், இம்முறை பகுதி முழுவதையும் அக்கதைக்கே ஒதுக்குகிறேன். கதையை அறியாதவர்களுக்காகச் சுருக்கம்: தொட்டிலில் கிடக்கும் குழந்தையை விட்டுவிட்டுத் தாய் தண்ணீர் எடுக்கப் போகிறாள், வீட்டில் வளரும் கீரி, குழந்தையை நெருங்கிய பாம்பைக் கடித்துக் குதறிவிட்டு, இரத்தம் தோய்ந்த வாயோடு வாசலுக்கு ஓடி வருகிறது, பிள்ளையைத்தான் கடித்துவிட்டது என்று எண்ணியவள் தண்ணீர்க்குடத்தை அதன்மேல் போட்டுக் கொன்றுவிட்டு உள்ளே போகிறாள். குழந்தை தூங்குகிறது, பக்கத்தில் பாம்பு துண்டு துண்டாகக் கிடக்கிறது.

கேள்வி: ஐயா, ஆறாம் வகுப்பில் இந்தக் கதையைச் சொன்னபோது ஒரு மாணவி எழுந்து, "டீச்சர், அது கீரி இல்லை, நாய், பாம்பு இல்லை, ஓநாய். நான் இங்கிலீஷ் புத்தகத்தில் படித்திருக்கிறேன்" என்றாள். எது மூலக்கதை? அவர்கள் நம்மிடமிருந்து எடுத்துக்கொண்டார்களா? (ஓர் ஆசிரியை, மேலூர்)

பதில்: உங்கள் மாணவி படித்தது வேல்ஸ் நாட்டுக் கதை. அங்கே இளவரசன் லிவெலின் வேட்டையிலிருந்து திரும்புகிறான். கெலர்ட் என்னும் நாய் இரத்தக்கறையோடு எதிரே வருகிறது. தொட்டில் கவிழ்ந்து கிடக்கிறது. வாளை உருவிக் குத்திய பிறகே, குழந்தை உயிரோடு இருப்பதையும் அருகில் ஓநாய் செத்துக் கிடப்பதையும் காண்கிறான். லிவெலின் 1240இல் இறந்த, வரலாற்றில் உள்ள மன்னன்தான். ஆனால் நாயின் கதை அவனோடு ஒட்டிக்கொண்டது மிகவும் பிந்தி. 1800ஆம் ஆண்டில் ஸ்பென்சர் என்ற ஆங்கிலக் கவிஞர் அதைப் பாட்டாக எழுதினார். பெத்கெலர்ட் என்ற அந்த ஊரில் இன்று பயணிகள் போய்ப் பார்க்கும் நாயின் சமாதியும் ஏறத்தாழ அக்காலத்தில், விடுதி நடத்திய ஒருவர் ஊருக்கு ஆள் வரவேண்டும் என்று எழுப்பியது என்பர். நம் பக்கத்தில் தலபுராணம் செய்யும் வேலையை அங்கே விடுதிக்காரர் செய்திருக்கிறார்.

மூலம் எது என்ற கேள்விக்கு வருவோம். ஐரோப்பியக் கதைகளில் பல இந்தியாவிலிருந்து சென்றவை என்று 1859இல் ஜெர்மானிய அறிஞர் தியோடோர் பென்ஃபே பஞ்சதந்திர மொழிபெயர்ப்போடு சேர்த்து வாதிட்டார். எல்லாக் கதைகளுக்கும் அது பொருந்தும் என்று இன்று யாரும் சொல்வதில்லை; ஆயினும் இந்த ஒரு கதையின் பயணத்தை ஏடுகளின் வழியே அடியொற்றிச் செல்ல முடிகிறது. கீரிக் கதை இருக்கும் பஞ்சதந்திரம் 6ஆம் நூற்றாண்டில் பாரசீக மன்னன் அனுஷிர்வான் காலத்தில் பகலவி என்னும் பழைய பாரசீக மொழிக்குப் போயிற்று. அதிலிருந்து 8ஆம் நூற்றாண்டில் இப்னுல் முகஃபா அதை அரபியில் ‘கலீலாவும் திம்னாவும்’ என்று பெயர்த்தார். அங்கே கீரியின் இடத்தில் மரநாயை ஒத்த சிறு விலங்கு ஒன்று வந்துவிடுகிறது. சிந்துபாது முனிவர் கதைகள் என்னும் மற்றொரு தொகுப்பில், கடலோடி சிந்துபாதோடு இவரைக் குழப்பிக்கொள்ள வேண்டாம், கீரி நாயாகிறது. பாம்பு மட்டும் பாம்பாகவே இருக்கிறது. அத்தொகுப்பு ‘ஏழு ஞானியர்’ என்ற பெயரில் 12ஆம் நூற்றாண்டில் பிரெஞ்சு மொழியை அடைந்தபோது நாய் ஒரு வீரனின் வேட்டை நாயாகவும், வீடு கோட்டையாகவும் மாறின. வேல்ஸ் மலைக்கு வந்து சேரும்போது பாம்பும் போய் ஓநாய் வந்துவிட்டது. ஆகவே மாணவியும் சரி, நீங்களும் சரி. உலகக் கதைகளை வகைப்படுத்தும் ஆர்னே–தாம்சன்–ஊத்தர் அட்டவணையில் இரண்டும் 178ஏ என்ற ஒரே எண்ணின் கீழ்தான் வருகின்றன.

கேள்வி: எங்கள் அப்பத்தா சொன்ன கதையில் கீரியைக் கொன்றவள் தாய். என் மகன் வைத்திருக்கும் புத்தகத்தில் கொல்பவன் தகப்பன். எது சரி? (வாசகர், திருப்பரங்குன்றம்)

பதில்: இரண்டுக்கும் ஏடு உண்டு. ‘ஆராயாமல் செய்யத் தகாது, நன்கு ஆராய்ந்தே செய்ய வேண்டும், இல்லையேல் கீரிக்காக வருந்திய பார்ப்பனியைப் போல் பின்னால் துயரம் வரும்’ என்ற பொருளில் ஒரு வடமொழிச் செய்யுள் பஞ்சதந்திரத்தில் இருக்கிறது. அப்பத்தாவின் பக்கம் அதுவே சாட்சி. பூரணபத்திரர் என்னும் சமணத் துறவி 1199இல் தொகுத்த பஞ்சதந்திரத்திலும் தாயே குடத்தைப் போடுகிறாள். ஆனால் அவள் வாயடைத்து நிற்பதில்லை. குழந்தையைப் பார்த்துக்கொள்ளச் சொல்லிவிட்டுப் போனேனே, யாசகத்துக்கு ஆசைப்பட்டு வெளியே போனீரே, அதன் பலன் இது என்று திரும்பி வந்த கணவனைத் தாளிக்கிறாள். பஞ்சதந்திர வழிவந்த இதோபதேசத்தில் உஜ்ஜயினியில் வாழும் மாதவன் என்ற அந்தணனும், அரபு நூலில் ஒரு துறவியும் தம் கையாலேயே கொல்கிறார்கள். இரண்டிலும் மனைவி நீராடப் போயிருக்கிறாள், அரசனிடமிருந்து அழைப்பு வருகிறது, குழந்தை விலங்கின் பொறுப்பில் விடப்படுகிறது.

எனக்குச் சற்றும் பிடிக்காதது ஐரோப்பிய ‘ஏழு ஞானியர்’ நூலின் வடிவம். அதில் வாளை வீசுபவன் வீரன். பழியோ செவிலியர் மீதும் மனைவி மீதும் விழுகிறது. அவர்கள் அலறியதைக் கேட்டுத்தான் கொன்றானாம். பெண் சொல் கேட்டதற்காகத் தன்னையே நொந்து வீட்டை விட்டு வெளியேறுகிறான். ஒரு தாயின் பதைப்பில் பிறந்த கதையைப் பெண்களுக்கு எதிரான சாட்சியாக ஆக்கியதற்குக் காரணம், அது இருந்த இடம்தான். அதை அடுத்த விடையொன்றில் சொல்கிறேன்.

கேள்வி: பிரான்ஸ் நாட்டில் ஒரு நாயைப் புனிதராக வணங்கினார்கள் என்று கேள்விப்பட்டேன். அதற்கும் இந்தக் கதைக்கும் தொடர்பு உண்டா? (வாசகர், சோழவந்தான்)

பதில்: உண்டு, இந்தக் கதைக்கு வாய்த்த வாழ்வுகளிலேயே வியப்பானது அதுதான். 13ஆம் நூற்றாண்டின் நடுவில், எத்தியேன் த பூர்போன் என்ற டொமினிக்கன் சபைத் துறவி லியோன் நகருக்கு வடக்கே உள்ள சிற்றூர்களில் மதவிசாரணை நடத்திக்கொண்டிருந்தார். பாவமன்னிப்புக்கு வந்த பெண்கள் பலர், தங்கள் குழந்தைகளைத் தூய கீன்ஃபோரிடம் கொண்டுபோனதாகச் சொன்னார்கள். யார் அந்தப் புனிதர் என்று விசாரித்தால், அது ஒரு வேட்டை நாய்! கோட்டைத் தலைவனின் குழந்தையைப் பாம்பிடமிருந்து காத்துவிட்டு, அவன் வாளுக்கே இரையான நாய். உண்மை தெரிந்ததும் அதைக் கிணற்றில் இட்டு, மேலே கற்களைக் குவித்து, நினைவாக மரங்கள் நட்டிருக்கிறார்கள். பிறகு கோட்டை பாழாயிற்று, மரங்கள் தோப்பாயின, பிள்ளையைக் காத்துச் செத்த நாய் நோயுற்ற பிள்ளைகளைக் காக்கும் என்று குடியானவர்கள் நம்பத் தொடங்கினார்கள்.

அங்கே நடந்த சடங்கையும் துறவி எழுதி வைத்திருக்கிறார். ஒரு கிழவி முன்னின்று நடத்த, உப்பைக் காணிக்கையாக வைத்து, குழந்தையின் துணிகளைப் புதர்களில் தொங்கவிட்டு, இரண்டு மரங்களுக்கு இடையே குழந்தையை ஒன்பது முறை கைமாற்றி, பின்னர் அருகில் ஓடும் ஆற்றில் ஒன்பது முறை முக்கி எடுப்பார்களாம். மரத்தில் தொட்டில் கட்டும் கோயில்களைப் பார்த்து வளர்ந்த நமக்கு இது அவ்வளவு அந்நியமாகத் தோன்றாது. ஆனால் அச்சடங்கில் மெலிந்த குழந்தைகள் சில இறந்தும் போயின என்பதையும் அவரே பதிவு செய்திருக்கிறார், ஆகையால் அதை முழுக்கப் புகழ்வதற்கும் இல்லை. அவர் நாயின் எலும்புகளைத் தோண்டி எடுத்து, தோப்பை வெட்டி, இரண்டையும் சேர்த்து எரிக்கச் செய்தார். எரித்த பின்னும் வழிபாடு நிற்கவில்லை. 19ஆம் நூற்றாண்டிலும் தாய்மார் அவ்விடத்துக்குப் போய்க்கொண்டிருந்தார்கள். ழான்-க்ளோத் ஷ்மித் என்ற பிரெஞ்சு வரலாற்றறிஞர் 1979இல் இதைப் பற்றி ஒரு முழு நூலே எழுதியிருக்கிறார். இறந்த உயிரின் பக்கம் நின்று கதையை முடித்தவர்கள் அந்தக் குடியானவர்களே. மற்ற நூல்களில் கீரிக்கோ நாய்க்கோ சாவுக்குப் பிறகு இவ்வளவு இடமில்லை.

கேள்வி: இது கதையே இல்லை, எங்கள் பாட்டனார் காலத்தில் பக்கத்து ஊரில் நடந்தது என்று என் மாமா அடித்துச் சொல்கிறார். (வாசகர், வாடிப்பட்டி)

பதில்: மாமாவோடு சண்டை வேண்டாம். இந்தக் கதையை நடந்த செய்தியாகவே சொல்வது வெகுகாலப் பழக்கம். திராவிட மொழியியலில் பெரும்பணி செய்த எம்.பி. எமனோ, அப்படி அண்மைக்கால நிகழ்ச்சியாகச் சொல்லப்பட்டதை வைத்தே 1940இல் ஒரு கட்டுரை எழுதினார். பெத்கெலர்ட் ஊர்க்காரர்களாவது சமாதியைக் காட்டுகிறார்கள். மாமாவிடம் இடத்தைக் காட்டச் சொல்லிப் பாருங்கள்.

கேள்வி: ‘நான்கு மந்திரி கதை’யிலும் இந்தக் கீரி வருகிறதே, அது பஞ்சதந்திரத்திலிருந்து எடுத்ததா? அத்துடன், சிலப்பதிகாரத்தில் கீரிக் கதை இருப்பதாகத் தமிழாசிரியர் ஒருவர் சொன்னார். காப்பியத்தின் நடுவில் அது ஏன் வருகிறது? (கல்லூரி மாணவி, மதுரை)

பதில்: இரண்டையும் சேர்த்துக் கேட்டது நல்லதாயிற்று. நான்கு மந்திரி கதையில், அரசி உறங்கும்போது அவள்மேல் தெறித்த பாம்பின் நஞ்சைத் துடைத்த அமைச்சன்மீது அரசன் தவறாக ஐயம் கொள்கிறான். அவனைக் கொல்லத் துணியும்போது அமைச்சர்கள் கதை சொல்லி நிறுத்துகிறார்கள். அக்கதைகளுள் ஒன்று கீரிக் கதை. அது எந்த ஏட்டிலிருந்து வந்தது என்பதைவிட, எந்த இடத்தில் வைக்கப்பட்டிருக்கிறது என்பதைக் கவனியுங்கள். ஏழு ஞானியர் நூலிலும் இதே ஏற்பாடுதான். மாற்றாந்தாயான அரசி சுமத்திய பழியை நம்பித் தன் மகனைக் கொல்ல நிற்கும் அரசனுக்கு ஞானி ஒருவர் நாயின் கதையைச் சொல்கிறார். அரசியை நம்பாதே என்று சொல்ல வேண்டியிருந்ததால்தான் அங்கே பழி பெண்கள்மேல் விழுந்தது. இவ்விரு நூல்களிலும் கதையைக் கேட்பவன் வாளைக் கையில் வைத்திருப்பவன். கேட்டதும் வாள் ஒருநாளேனும் தாழ்கிறது.

இளங்கோவடிகள் அதே கதையை வேறோர் இடத்தில் வைத்தார். கோவலனும் கண்ணகியும் கவுந்தியடிகளோடு மதுரை மதிலுக்கு வெளியே, அறவோர் வாழும் புறஞ்சேரியில் தங்கியிருக்கிறார்கள். குமரியில் நீராடித் திரும்பும் மாடலன் என்ற மறையோன் அங்கே வந்து, கோவலன் புகாரில் செய்த நற்செயல்களை அவன் முன்னாலேயே எடுத்துரைக்கிறான். அவற்றுள் ஒன்று இது. ‘பிள்ளை நகுலம் பெரும்பிறி தாக’ என்ற ஓர் அடியில், அதாவது கீரிப்பிள்ளை இறந்துபட, என்பதோடு கதையின் முன்பாதி முடிந்துவிடுகிறது. பாம்பைப் பற்றியும் தொட்டிலைப் பற்றியும் அங்கே ஒரு சொல் இல்லை. கேட்போர் அறிவார்கள் என்று விட்டுவிட்டார். அதன்பின் நடந்ததே அவருக்கு வேண்டியிருந்தது. இனி உன் கையால் உண்டு வாழ்வது தகாது என்று சொல்லிக் கணவன் வடதிசை நோக்கிப் போகிறான். போகும்போது வடமொழி வாசகம் எழுதிய ஓர் ஏட்டை அவளிடம் தந்து, கடமை அறிந்தவர் கையில் இதைக் கொடு என்கிறான். மேலே நான் சொன்ன வடமொழிச் செய்யுளே அந்த ஏட்டில் இருந்தது என்று கொள்வது உரைமரபு. அவள் வணிகர் வாழும் மாட வீதியில் வீடு வீடாக அலைந்து, ‘கருமக் கழிபலம் கொள்மினோ’, அதாவது என் தீவினையைக் கழிக்கும் பலனை வாங்கிக்கொள்ளுங்கள், என்று கூவுகிறாள். கோவலன் அவளை அழைத்துக் கேட்டு, அவள் பாவம் நீங்கத் தானங்கள் செய்து, காட்டுக்குப் போன கணவனைத் தேடிச் சேர்த்து, பொருளும் கொடுத்து வாழவைக்கிறான்.

கொன்றவளை மீண்டும் வாழவைத்த வடிவம், நான் அறிந்தவற்றுள் இது ஒன்றுதான். வீரன் வீட்டைத் துறந்தான், கதையில் வரும் லிவெலின் கல்லறை எழுப்பினான், மாதவன் வருந்தினான்; அவரவர் துயரம் அவரவரோடு நின்றது. இங்கே தொடர்பே இல்லாத மூன்றாம் மனிதன் ஒருவன் அவள் சுமையை விலை கொடுத்து வாங்கிக்கொள்கிறான்.

அப்படி வாங்கிக்கொண்டவனுக்கு என்ன நேர்ந்தது என்பது மதுரைக்காரர்களுக்குச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. மாடலன் இதைச் சொல்லும் அடைக்கலக் காதைக்கு அடுத்தது கொலைக்களக் காதை. ‘கன்றிய கள்வன் கைய தாகில் கொன்றச் சிலம்பு கொணர்க ஈங்கு’ என்று பாண்டியன் ஆணையிடுகிறான், விசாரணை இல்லை, சிலம்பு கோவலன் கையில் இருந்தது, கீரியின் வாயில் இரத்தம் இருந்ததைப் போல. ஆராயாமல் கொல்லாதே என்னும் கதை மற்ற நூல்களில் அரசன் காதில் விழுந்து உயிரைக் காத்தது. இங்கே அது மதிலுக்கு வெளியே, கொல்லப்படப் போகிறவனிடம், அவனுடைய புகழாகச் சொல்லப்படுகிறது. அரண்மனைக்குள் போய் அதைச் சொல்ல ஆள் இல்லை. பிறகு போனவள் கண்ணகி. ‘தேரா மன்னா’ என்று அவள் தொடங்கும்போது கோவலன் உயிரோடு இல்லை. இந்த அடுக்கை அடிகள் அறிந்தே செய்தார் என்பது என் துணிபு. ஆனால் அதைச் சுட்டிக்காட்டி ஓர் அடிகூட அவர் எழுதவில்லை. பழங்காநத்தத்தில் கோவலன் கொலையுண்ட இடம் என்று மக்கள் சொல்லும் கோவலன் பொட்டல் இருக்கிறது; உங்கள் வகுப்பில் இந்த இரண்டு காதைகளையும் தொடர்ந்து படித்துவிட்டு ஒருமுறை போய் வரலாம்.

கேள்வி: தாகத்தோடு வந்த அரசன் கிண்ணத்தைத் தட்டிவிட்ட வல்லூறைக் கொன்ற கதையும் இதே கதைதானா? (வாசகர், உசிலம்பட்டி)

பதில்: உடன்பிறந்த கதை, அதற்கு அட்டவணையில் 178சி என்று தனி எண். ஆங்கிலப் பாடநூல்கள் அதைச் செங்கிஸ்கான் பெயரில் சொல்லும். அங்கே தொட்டிலும் இல்லை, குழந்தையும் இல்லை. நஞ்சு கலந்த நீரைக் குடிக்கப்போன அரசனையே வல்லூறு காக்கிறது, அவனே அதைக் கொல்கிறான். பிள்ளைக்காகப் பதறினேன் என்று சொல்லிக்கொள்ளும் வழியும் அவனுக்கு இல்லாமல் போகிறது.