1970களின் மிளகாய், வெங்காயச் செழிப்பு ஆளுங்கட்சிக்கு ஏன் வாக்காகவில்லை?

இலங்கைப் பிரதமராயிருந்த சிறிமாவோ பண்டாரநாயக்கவின் ஆட்சியில் நன்மையடைந்த யாழ்ப்பாணக் கமக்காரர் (விவசாயிகள்) ஏன் அவருடைய கட்சியின் பக்கம் சாயவில்லை என்று கேட்டிருக்கிறீர்கள்.

1970இல் பதவியேற்ற அரசு, அந்நியச் செலாவணித் தட்டுப்பாட்டால் மிளகாய், வெங்காயம், உருளைக்கிழங்கு ஆகியவற்றின் இறக்குமதியை இறுக்கியபோது, கோப்பாய், நீர்வேலி, இணுவில் பகுதிகளின் செம்பாட்டுத் தோட்டங்களுக்குத் தென்னிலங்கைச் சந்தை முழுவதும் திறந்தது. துலா மிதித்த கிணறுகளில் இறைப்பு இயந்திரங்கள் இரைந்தன. முற்றத்துப் பாயில் செத்தல் மிளகாய் காயும்போதே வியாபாரி லொறியோடு வந்து நிற்பார். எங்கள் அப்புவின் கல்வீடும் அந்தக் காசில் எழுந்ததுதான்.

ஆனால் அந்தக் கமக்காரர் உழைத்ததே பிள்ளையைப் பல்கலைக்கழகத்துக்கு அனுப்பத்தான். அதே அரசு, பல்கலைக்கழகம் புகத் தமிழ் மாணவர் கூடுதல் புள்ளி பெறவேண்டும் என்ற தரப்படுத்தலைக் கொண்டுவந்து அவ்வாசலை ஒடுக்கியது. 1972 அரசியலமைப்பு சிங்களத்தின் அரசகரும மொழி நிலையை உறுதிசெய்து, பௌத்தத்துக்கு முதன்மையிடமும் வழங்கியது. மேலும், இறக்குமதித் தடையைத் தமக்கான சலுகையாக எவரும் கருதவில்லை என்பதே என் எண்ணம். அது கொழும்பின் பணமுடையால் தற்செயலாக வாய்த்தது. 1977 தேர்தலில் வட மாகாணத்தின் 14 தொகுதிகளையும் தமிழர் விடுதலைக் கூட்டணியே வென்றது.

அவ்வாண்டே ஆட்சிக்கு வந்த ஜே. ஆர். ஜயவர்தனவின் அரசு திறந்த பொருளாதாரத்தை அறிவிக்க, இறக்குமதி மிளகாய் உள்ளே வந்து விலையை வீழ்த்தியது.