இறால் வளரவில்லை, கழிவும் வெள்ளையாக மிதக்கிறது: ஈ.எச்.பி. ஒட்டுண்ணி தானா?

அறிகுறியை வைத்து மட்டும் சொல்ல முடியாது. வெள்ளைக் கழிச்சலுக்கு வேறு காரணங்களும் உண்டு. ஒரே குளத்தில் இறால் பெரிதும் சிறிதுமாக இருந்தால் சந்தேகம் வலுக்கும்.

என்டெரோசைட்டோசூன் ஹெபட்டோபீனேயி (சுருக்கமாக ஈ.எச்.பி.) என்ற இந்த ஒட்டுண்ணி, இறாலின் கல்லீரல்-கணையச் செல்களுக்குள் பெருகுவது. அந்த உறுப்பைக் கண்ணாடித் தகட்டில் தேய்த்து, சாயமேற்றி, எண்ணெய் லென்ஸில் 1000 மடங்கு பெரிதாக்கிப் பார்க்கலாம். ஆனால் இதன் வித்துகள் (ஒட்டுண்ணி பரவ உதவும் நுண்செல்கள்) சுமார் 1.1 × 0.7 மைக்ரான்தான், பாக்டீரியா என்று ஏமாறுவது சகஜம். தொற்று குறைவென்றால் கண்ணிலேயே படாது.

அதனால் டிஎன்ஏவைப் பெருக்கிக் கண்டறியும் பிசிஆர் சோதனைதான் நம்பகம். வித்துச்சுவர்ப் புரத மரபணுவைத் தேடும் நெஸ்டட் (இரண்டு சுற்று) பிசிஆராகக் கேளுங்கள்; ரைபோசோம் மரபணுச் சோதனை இதன் உறவுக்கார ஒட்டுண்ணிகளுக்கும் பாசிட்டிவ் காட்டக்கூடும். மாதிரியை 95% எத்தனாலில் போடுங்கள். ஃபார்மலின் வேண்டாம், டிஎன்ஏ சிதைந்துவிடும். தாய் இறால் என்றால் கொல்லவேண்டியதில்லை, கழிவையே சோதிக்கலாம்.